இருபத்து நான்கு

போட்டது இருபத்து மூன்று நட்டு.
எண்ணித்தான் போட்டேன்.
பதினோரு வருஷமாக இரவு ஷிப்டில்
நுண்ணோக்கியின் கீழ் சில்லுகளை எண்ணுகிறவள் நான்.
பாயான் லெப்பாஸில் ஒன்று குறைந்தால்
வரிசையே நின்றுவிடும்.

பெட்ரோலை வடித்து, குழாயைக் கழற்றி
மூன்று நாள் வாய் திறந்து வைத்தும்
வாடை போகவில்லை.
ஒன்பதாம் மாடி நடைபாதையில்
யாரும் ஊதுபத்தி ஏற்றாதீர்கள் என்று
கதவு கதவாய்ப் போய்ச் சொன்னேன்.
பெக் ஹூன் தன் வாசல் மாடத்துப் பத்திகளை
உள்ளே கொண்டு போனார்.
"சாமி கோபித்தால்
உன் வீட்டு நம்பரைத்தான் கொடுப்பேன்."

இன்று காலை, வேலை முடிந்து வந்த கையோடு
ரப்பர் உறை மாட்டி
உரிக்கும் மருந்தைத் தடவினேன்.
கறுப்பு கொப்புளம் கொப்புளமாய் எழும்பி
ஆறிய பாலின் ஏடாகச் சுருண்டது.
கறுப்புக்குக் கீழே மெரூன்.
மெரூனுக்குக் கீழே யாரோ அவசரத்தில் அடித்த பச்சை,
அதில் தூரிகையின் மயிர் ஒன்று அப்படியே.
பச்சைக்குக் கீழே விரல் தடிமனுக்குப் பட்டி.
பட்டியைச் சுரண்டினால்
இடப்பக்கம் ஒரு பள்ளம்:
முழங்கால் ஒன்று
அளவு கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது.

யாருடையது என்று கேட்க ஆளில்லை.
எனக்கு விற்ற மரியதாஸ்
ஏலத்தில் எடுத்த வண்டி.
எதைக் கேட்டாலும் "எஞ்சின் ஓடுதில்ல?" என்பான்.
ஓடுகிறது. தொட்டி இல்லாமல் இப்போது கீழ்த்தளத்தில்
பழைய தேர்தல் பேனர் போர்த்தி நிற்கிறது.

உள்ளே டார்ச் அடித்தேன்.
சம்பல் அடிப்பிடித்த சட்டி.
நாலு போத்தல் காடி, இருபத்து மூன்று நட்டு,
சைக்கிள் டியூப் வெட்டி வாயை இறுக்கிக் கட்டி
ஆட்டினேன்.
ஆட்டுவது என்றால்
வயிற்றோடு அணைத்து
இடுப்பிலிருந்து.
எட்டாம் மாடி திட்டியது.
ஏழாம் மாடி எட்டிப் பார்த்தது.
பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த ஹாஜரின் மகன்
புத்தகத்தை மூடிவிட்டு வந்தான்,
கேட்காமலே வாங்கி
முந்நூறு வரை ஆட்டினான்.

நாலு மணிக்கு வாளியில் கவிழ்த்தேன்.
கடல் பக்கம் இருண்டு
பாலம் பாதிதான் தெரிந்தது.
காப்பித் தண்ணீர் நிறத்தில் துரு,
நாளிதழ் மேல் நட்டுகள்.
இரண்டிரண்டாய் எண்ணினேன்.
கலைத்துவிட்டு மறுபடி எண்ணினேன்.
பையனை எண்ணச் சொன்னேன்:
துவா புலோ எம்பாட்.

ஒன்று அதிகம்.

அது மற்றதைவிடப் பெரியது, முனை மழுங்கியது.
என் ஸ்பேனர் எதுவும் அதைக் கவ்வவில்லை.
பழைய அங்குலக் கணக்கு.
ஆக, எனக்கு முன் ஒருவர்
இதே தொட்டியை
இதே மாதிரி வயிற்றோடு அணைத்து ஆட்டியிருக்கிறார்.
ஒன்று குறைந்ததும்
தலைகீழாய்ப் பிடித்துத் தட்டியிருப்பார்,
கம்பியை விட்டுத் துழாவியிருப்பார்,
எந்த மொழியிலோ வைதிருப்பார்.
பிறகு மாட்டி ஓட்டியிருப்பார்.
ஜெலுத்தோங் வளைவில் சாயும்போதெல்லாம்
தொடைகளுக்கு நடுவே
இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம்: கடக்.
பின்னால் உட்கார்ந்தவள் கேட்டால்
எஞ்சின் என்று சொல்லியிருப்பார்.
இல்லை, எண்ணவே இல்லையோ?

யோசிக்க நேரமில்லை.
வெற்று இரும்பு இந்தத் தீவில்
ஒரு ராத்திரி தாங்காது;
கை வைத்த இடமெல்லாம்
விடிவதற்குள் ரேகையோடு பழுத்துவிடும்.
சோடா உப்பில் அலசி, சூடாக்கி உலர்த்தி,
உப்புத்தாள் எண்பது, நூற்றெண்பது,
முந்நூற்றிருபதுக்குப் பொறுமை போய்
பாதியில் நிறுத்தி, துடைத்து,
முதல் தூறலுக்கு முன்
ஒரு கை பிரைமர்.
சாம்பல் நிறம் பள்ளத்துக்குள் இறங்கி
தேங்கின மாதிரி நின்றது.
அடைப்பதா விடுவதா,
நாளைக்குப் பார்க்கலாம்.

ஆறு நாற்பதுக்குத் தொழிற்சாலைப் பஸ்.
தூங்கவே இல்லை.
வாசலில் சோதனைக் கருவி கத்தியது.
காவலாளி என் பையில் கைவிட்டு
அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.
"உன்னுதா?"
இல்லை என்றேன்.
பேனாவைத் தேடி எடுத்து
பதிவேட்டில் எழுதினார்:
நட்டு, ஒன்று.